நேரில் வந்த ஓட்டு

கிராம சபைக்கு இப்போது யாரும் நேரில் வருவதில்லை. அவரவர் கைப்பேசியே தன் சொந்தக்காரரின் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவருக்காக ஓட்டுப் போட்டுவிடும். அங்கன்வாடியை நெடுஞ்சாலைக்கு அப்பால் மாற்றும் தீர்மானம் நிறைவேறப்போன நேரத்தில், செண்பகவல்லி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் போன் சம்மதம்னு சொல்லிடுச்சேம்மா," என்றார் தலைவர்.

"நான் எதுக்கும் வாய் திறக்காததைப் பாத்து அது கத்துக்கிச்சு, அண்ணே. அந்த ரோட்டை இந்தப் புள்ளைங்க எப்படித் தாண்டும்? நான் ஒத்துக்கல."

"நீ ஒருத்திதானே?" அவர் சிரித்தார்.

"உள்ள வாங்கக்கா," என்று அவள் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அவள் தெருவில் இருக்கும் பெண்கள் பிள்ளைகளோடு உள்ளே வந்து, தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினார்கள். ஓட்டு முடிவைக் காட்டும் சுவர்த் திரையில் இன்னும் 'ஒருமனதாக' என்றே இருந்தது. தலைவர் அதை அணைத்துவிட்டுக் கைகளை எண்ணத் தொடங்கினார்.