ரெண்டு தோசை கூட வை

மட்டாஞ்சேரியில் தான் படித்த பள்ளிக்கே வந்து, தான் எழுதிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள் மாதுரி. கூடப் படித்து, இப்போது அங்கேயே டீச்சராகிவிட்ட சங்கரி கடைசி பெஞ்சில் இருந்தாள். ஜன்னல் வழியே பக்கத்துக் கிடங்குகளின் அதே பழைய சுக்கு வாசனை.

"மின்னு தினமும் தோழியோட டிபனைப் பிடுங்கித் தின்னுடுவா."

"கெட்ட குட்டி!" என்றார்கள் பிள்ளைகள்.

"அவ வீட்டுல அடுப்பெரியறதே அபூர்வம்னு தோழிக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிலேருந்து, 'அம்மா, ரெண்டு தோசை கூட வை'ன்னு கேட்டு வாங்கிண்டு வருவா. மின்னு பிடுங்கினா, அழற மாதிரி நடிப்பா."

"ஏன் ஆன்ட்டி?"

"கொடுத்தா மின்னுவுக்கு நாணக்கேடா இருக்குமே!"

"மின்னுவுக்கு இது தெரியுமா?"

மாதுரி கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "இப்பத்தான் தெரிஞ்சிருக்கும்."

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"அடிப்பாவி! அந்த அழுகையெல்லாம் நடிப்பாடி?"