பாதி வெள்ளை மாடி

காலநிலை மாற்றத் தீர்வுகளில் முதுகலை படிக்கும் ஜெனோவாவுக்கு அன்று வாய்மொழித் தேர்வு. கல்லூரி மொட்டைமாடியில் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதம் சூடு அளந்திருந்தாள். ஆனால் கருவியில் மெமரி கார்டு போட மறந்துவிட்டாள்.

"டேட்டா எங்கம்மா?" என்றார் தேர்வாளர்.

"ஷூவக் கழட்டிட்டு மாடிக்கு வாங்க சார்."

உச்சி வெயில். படியேறி வந்தவர் சுண்ணாம்பு படாத பாதியில் இரண்டடி வைத்ததும் "ஐயய்யோ!" என்று துள்ளி வெள்ளைக்குத் தாவினார். அங்கேயே நின்றார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"ஷூ எடுத்துட்டு வரட்டுமா சார்?"

"அது கிடக்கட்டும். மார்க் ஷீட்ட எடுத்துட்டு வா, ஓடு!"

வெறுங்காலோடு கொதிக்கும் பாதியைக் கடந்து ஓடினாள் ஜெனோவா. சுட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.