பந்தை அடிக்காதே

பந்து மறுபடியும் பங்கர் என்கிற மணல்குழியின் சுவரில் முட்டி, உருண்டு, ஜீவிதாவின் காலடிக்கே வந்து நின்றது.

போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பந்தைப் பார்க்க ஆத்திரமாக வந்தது. இன்று காலை வீட்டில் அவளும் அதைத்தான் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் இந்நேரம் வேன் வந்து நின்றிருக்கும். மகாளய அமாவாசை. மாமியார் சித்தம்மா எள்ளையும் பச்சரிசியையும் பையில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம் கிளம்புகிறார். காவிரிக்கரையில் மகன் பிரசாந்துக்குத் திதி கொடுக்க.

திதி என்பது செத்தவர்களுக்குக் கொடுப்பது. பிரசாந்த் செத்ததை யார் பார்த்தது?

போன வருஷம் ஆடிப்பெருக்குக்குக் கோபிநத்தம் போனவன் அங்கே காவிரியில் குளிக்க இறங்கினான். பைக் கரையிலேயே நின்றது. உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காத வரைக்கும் என் புருஷன் உயிரோடுதான் இருக்கிறான் என்று ஜீவிதா ஒரே பிடியாக நின்றாள். ஊரே சொல்லிப் பார்த்தது, அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றும் நான் வரமாட்டேன் என்று கத்திவிட்டு, வேலை செய்யும் கோல்ஃப் மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கும் பிரசாந்துக்கும் இங்கே கேடி வேலை. ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது. மைதானம் காலியாக இருக்கும்போது பிரசாந்த் அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தான். குழிக்குப் பக்கத்தில் வந்தபின் ஆடுகிற சின்ன அடிகள்தான் அவனுக்கு உயிர். பந்தைத் தட்டி உருட்டி விடுவது அவளுக்கு வந்துவிட்டது. உயரத் தூக்கி, விழுந்த இடத்திலேயே படுக்க வைப்பதும் வந்துவிட்டது. பங்கர் மணலிலிருந்து எடுப்பது மட்டும் பாக்கி. ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்லித் தருகிறேன், நீயாகத் தொட்டால் கை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் தொடவில்லை. அவன் வந்து சொல்லித் தருவதற்கென்று பத்திரமாக வைத்திருந்தாள். இன்று வேன் கிளம்பித் தொலைகிற வரைக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வீம்புக்கு இறங்கினாள்.

பந்தை அடிக்காதே, அதை ஒட்டினாற்போல் இருக்கிற மணலை அடி, மணல் தானாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும் என்பான். கேட்க என்னவோ எளிதுதான். கண் பந்துக்கே போனது. ஸ்டிக்கும் கண் போன இடத்துக்கே போனது.

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கால்களை மணலில் புதைத்து, மறுபடி குனிந்து நின்றாள்.

முதுகுப் பக்கமிருந்து ஓர் ஆளின் நிழல் நீண்டு வந்து பந்தின் மேல் விழுந்தது.

ஆடுகிறவர் பார்வையில் நிழல் விழக்கூடாது. கேடி வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். யாரோ விவரம் தெரியாத புது மெம்பர் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

“நெழலு விழுதுங்க. சித்த தள்ளிக்கங்க.”

நிழல் பின்வாங்கியது. பந்துக்குச் சற்று இந்தப் பக்கம் வந்ததும் குள்ளமாகி, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. மணல் வாரும் ரேக்கைத் தோள்களின் மேல் குறுக்கே வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் தொங்கப் போட்டிருப்பது மணலில் தெளிவாகத் தெரிந்தது.

அந்த மைதானத்தில் அப்படி உட்காருகிறவன் ஒருவன்தான்.

ஜீவிதா ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் முடிந்தது. அவள் திரும்பவில்லை.

ஆடுகிறவர் பந்தின் மேல் குனிந்து நிற்கும்போது கேடி வாய் திறக்கமாட்டான். இருமக்கூட மாட்டான். ஆகவே அவன் பேசாமல் இருப்பதற்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. அவள் இப்படியே நிற்கிற வரைக்கும் அது வெறும் மரியாதை.

அதனால் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

பக்கத்து ரேஸ் மைதானத்தில் ஓட்டம் பழகிய குதிரைகள் லாயத்துக்குத் திரும்பிவிட்டன. குனிந்தே நின்றதில் இடுப்பு கடுத்தது. கண் எப்போது பந்தை விட்டுவிட்டு, அதை ஒட்டி நிழல் படுத்திருந்த மணலுக்குப் போனது என்று தெரியவில்லை.

இனி நிற்க முடியாது என்றானபோது ஸ்டிக்கை ஓங்கி அந்த மணலை அடித்தாள்.

மணல் விசிறிக்கொண்டு எழுந்தது. அதற்குள்ளிருந்து பந்து மெல்ல மேலேறி, பங்கரின் விளிம்பைத் தாண்டி, புல்லில் பொத்தென்று விழுந்து, குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் அடங்கியது.

அடி வந்துவிட்டது.

இனி அவன் பேசலாம். நல்ல அடி ஒன்று விழுந்தால் ‘சக்கத்து’ என்று கன்னடத்தில் பாராட்டாமல் அவனால் இருக்க முடியாது. பெரிய மெம்பர்களிடம்கூட அப்படித்தான் சொல்வான். ஜீவிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பினாள். ஆள் இல்லை. அதற்கெல்லாம் அவள் அசந்துவிடவில்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து விளையாட்டுக் காட்டுவது அவன் புத்திதானே. இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு வருவான் என்று பங்கருக்கு வெளியே புல்தரையைப் பார்த்தாள்.

புல்லின் மேல் அவளுடைய நிழல் நீளமாகக் கிடந்தது.

சாமுண்டி மலைப் பக்கமிருந்து வந்த வெயில் இப்போது முதுகைச் சுட்டது. இவ்வளவு நேரமும் அது அவள் முகத்துக்கு நேராகத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் நிற்கிற எந்த மனிதனின் நிழலும் பந்தின் பக்கம் விழ வழியே இல்லை.

மணலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து, கேடியாக லட்சணமாய்ப் பங்கரை வாரிச் சமப்படுத்தினாள். ஸ்டிக் பட்ட இடத்தில் விழுந்திருந்த குழியை மூட மட்டும் கை போகவில்லை.

போனை எடுத்தாள்.

“அத்தை, வண்டிய எடுத்துராதீங்க. நானும் வர்றனுங்க.”