நடுவில் நிற்காத குரல்

"நேரா உக்காருன்னு எத்தனை தடவை சொல்றது? உன் குரல் மறுபடியும் இடது பக்கம் ஓடுது!"

ஹெட்போனை மாட்டியபடியே கத்தினார் ஒலிப்பதிவாளர்.

ஜன்னலில் மெத்தை, கதவில் கம்பளி. வீட்டின் அந்தச் சின்ன அறைதான் ஸ்டூடியோ. எதிரே, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என வைத்த இரண்டு மைக்குகளுக்கு முன்னால் அவர் மனைவி, குழந்தைகளைத் தூங்க வைக்கிற கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நேராத்தாங்க உக்காந்திருக்கேன்."

"அப்போ தலையைத் திருப்பியிருப்பே. மறுபடி வாசி."

வாசித்தாள். மேகத்துக்கு மேலே ஒரு படகு. துடுப்புப் போட ஆளில்லை. உள்ளே ஒரு நட்சத்திரம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது...

கண்ணை மூடிக் கேட்டார். கோபமெல்லாம் கரைந்து அவரும் மிதந்தார். நெற்றிக்கு நேராக வரவேண்டிய படகு, மெல்ல மெல்ல இடது கரையில் போய் ஒதுங்கியது.

"நிறுத்து!"

ஒயரை மாற்றினார். மைக்குகளை இடம் மாற்றினார். ஊஹூம். குரல் இடப்பக்கமே நின்றது.

"வாசிக்கத் தெரிஞ்சா போதுமா? அசையாம உக்காரத் தெரிய வேண்டாமா?"

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

கடைசியில் ஹெட்போன் மேலேயே சந்தேகம் வந்தது. இடது வலதாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, பதிவை ஓட விட்டார். கோளாறு கருவியில் இருந்தால் சத்தம் இப்போது வலது காதுக்குத் தாவ வேண்டும்.

தாவவில்லை.

கழற்றிவிட்டு, வலது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பஞ்சு மூட்டைக்குள் யாரோ தேய்ப்பது போல இருந்தது. சோறு போடுகிற காதாயிற்றே!

திரும்பி வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"உன்மேல தப்பில்லம்மா. எனக்குத்தான் வலது காது மந்தமாயிடுச்சு. இத்தனை நாளா அது தெரியாம, வலப்பக்கச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வச்சிருக்கேன். வாங்கறவங்களுக்கு அனுப்பின கதையெல்லாம் கோணலாத்தானே போயிருக்கும்? ஒருத்தர்கூடக் குறை சொல்லலையே!"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் டாக்டரைப் பார்த்துட்டு வரலாம். காதுன்னு நான் வாயெடுத்தாலே எரிஞ்சு விழுவீங்க, அதான் நீங்களா உணரட்டும்னு இருந்தேன்" என்றவள், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"எதுவும் கோணலாப் போகலைங்க. நீங்க கூட்டி வச்சதை, அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நான் குறைச்சு வச்சுடுவேன்."