டவுனில் மட்டும் தெரிந்தவள்

"ஒரு நிமிஷம் அப்படியே படுத்திருங்க. வினிகர் பட்ட இடம் வெள்ளையா மாறுதான்னு பார்க்கணும்."

புளித்த வாசனை மூக்கில் ஏறியது. அவள் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு நிமிடம் போவேனா என்றது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்காகப் பள்ளிக்கூட வகுப்பறையைக் காலி செய்து, மேசையைச் சுற்றிப் பச்சைத் துணித் திரை கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மகளிர் குழு முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஒரே வேனில் வந்தவர்கள். அங்கே யாரோ கொட்டாவி விட்டதுகூட இங்கே கேட்டது.

அப்படியென்றால் இங்கே பேசுவதும் அங்கே கேட்கும்.

டவுன் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் இடத்தில், ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெண் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். "கர்ப்பப்பை வாயில வர்ற கிருமி நிறையப் பேருக்கு வரும், தானாப் போயிரும். உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்குத்தான் தங்கிரும். தங்கினா புத்துநோய்ல கொண்டுபோய் விட்டுரும். வருஷா வருஷம் பார்க்கணும். எங்க பார்த்தாலும் முதல்ல எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லிருங்க."

அவள் சொல்லவில்லை.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று படுப்பதற்கு முன் நர்ஸ் கேட்டபோது, "இல்லைங்க" என்றாள்.

"மாதவிலக்கு இல்லாத நாள்ல கறை படுதா?"

"இல்லைங்க."

முதல் பொய்தான் கஷ்டம். அடுத்தது தானாக வந்தது. இன்று காலைகூட உள்பாவாடையை யார் கண்ணிலும் படாமல் அலசிப் போட்டுவிட்டு வந்தவள்.

நர்ஸ் டார்ச்சைத் திருப்பிக் குனிந்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் தெரியலீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்."

அப்பாடா என்றிருக்க வேண்டும். இல்லை. அந்த ஐந்து வருடம் வேறு யாருக்கோ சொன்னது. மாத்திரை சாப்பிடாதவளுக்கு. கறை படாதவளுக்கு. அப்படி ஒருத்தி இந்த மேசையில் படுக்கவே இல்லை.

தங்கிரும்.

புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். திரையை ஒட்டி, அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்தவள் மயிலாத்தா.

மாத்திரை வாங்கப் போகிற நாளெல்லாம் மயிலாத்தாவும் அவளும் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுவார்கள். அங்கே சொல்லி அழாதது எதுவும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினால் நீ யாரோ, நான் யாரோ. மாத்திரை வாங்க வருகிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். யாரும் சொல்லி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

இங்கேயும் மயிலாத்தா தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் தன் ஊர்ப் பெண்களோடு வந்திருந்தாள். ஆனால் திரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தவள். அந்த இரண்டு "இல்லைங்க"வும் காதில் விழாமலா இருக்கும்.

மயிலாத்தா பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"வா கண்ணு, வேன்காரன் சத்தம் போடறான்," என்றாள் குழுத்தலைவி சரசக்கா.

அவள் செருப்பை மாட்டினாள்.

உள்ளே நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டாள்.

"சாப்பிடறனுங்க," என்றாள் மயிலாத்தா. "எச்.ஐ.வி. மாத்திரைங்க."

"மெதுவாச் சொல்லுங்கம்மா. வெளியில ஆளுங்க இருக்காங்க."

"தெரியுமுங்க. கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்."

வகுப்பறையில் பேச்சு அப்படியே நின்றது. மயிலாத்தாவின் பைக்குப் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். பெஞ்சின் அந்தப் பாதியில் பை மட்டும் இருந்தது.

வாசலில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். நாளைக்குத் தெரு இப்படித்தான் நகர்ந்து உட்காரும். குழாயடி நகரும். இந்தத் தையில்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள், அந்த வீடும் நகரும். பேசாமல் போய் வேனில் ஏறிவிடலாம். அதுதான் ஐந்து வருடம் கொடுத்திருக்கிறார்களே.

உள்பாவாடை இந்நேரம் காய்ந்திருக்கும். கறை முழுசாகப் போகவில்லை.

அவள் பெஞ்சுக்குப் போய் அந்தப் பையை எடுத்தாள்.

"அதை எதுக்குத் தொடற?" சரசக்காவின் குரல் மாறியிருந்தது. "அந்தப் பொம்பளைய உனக்குத் தெரியுமா?"

திரை விலகியது. மயிலாத்தா வெளியே வந்தாள். யாரோ எவரோ என்று அவளைப் பார்த்தாள். பைக்காகக் கையை மட்டும் நீட்டினாள். தெரியாதுன்னு சொல்லிக்கோ என்றது அந்தப் பார்வை.

அவள் பையைக் கொடுத்தாள்.

"தெரியுமுங்கக்கா," என்றாள். "ரொம்ப நாளாத் தெரியும்."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் திரைக்குள் போனாள்.