தோட்டத்தின் பேர்

ஜெயபுரத்தில் அமராவதியின் படலைக்கு முன்னால் கார் வந்து நின்றால் பக்கத்து வீட்டுச் சுகந்தினிக்கு இருப்புக்கொள்ளுமா? கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் வந்து குசினி வாசலில் நின்றுகொண்டாள்.

வந்தவர் ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி. அதற்கு முன் வெளிநாட்டுத் தூதரகங்களில் இருந்தவராம். அப்பேர்ப்பட்ட மனிதர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சும்மா வருவினமே? காணியில கண்ணாக்கும்," என்று சுகந்தினி முணுமுணுத்தாள்.

விண்ணப்பம் அமராவதியின் மகள் நிரோஜாவுக்கு. இந்தியாவில் அகதி முகாமில் பிறந்தவள். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். மாதக் கடைசிக்குள் அட்டை காட்டாவிட்டால் இடம் போய்விடும்.

"நாடு திரும்பின ஆக்களின்ட பட்டியலில உங்கட பேரைக் கண்டனான்," என்றார் நீதிபதி.

"குழந்தையிலயே பதிய அங்க இருந்த இலங்கைத் தூதரகத்துக்குப் போனனாங்கள் ஐயா," என்றாள் அமராவதி. " இவளின்ட தகப்பன் ராசு மலையகத்தில ஒரு தேயிலைத் தோட்டத்தில பிறந்தவர். செத்தும் போனார். அவருக்குப் பிறப்புப் பதிவு இல்லையெண்டு அங்க இருந்த அதிகாரி நிமிர்ந்தும் பார்க்காமத் திருப்பி விட்டுட்டார். நல்லா இருப்பாரே அந்தாள்?"

நீதிபதியின் பேனை நின்றது. பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"ராசு படிச்ச தோட்டப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளின்ட பேர் பதிஞ்ச இடாப்பின்ட பிரதி. பிறந்த திகதி இதில இருக்கு, இது காணும். நாளைக்குக் கொழும்பில நானே குடுக்கிறன்."

அமராவதி அந்தத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

கார் போனதும் சுகந்தினி வெட்கப்பட்டாள். "பிழையா நினைச்சிட்டன் அக்கா. அந்த அதிகாரி எங்க, இந்த மனுசன் எங்க."

"ரெண்டும் ஒராள்தான் பிள்ளை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எந்தத் தோட்டம் எண்டு இவருக்கு நான் சொல்லவேயில்லை. அண்டைக்குத் தூதரகத்தில அந்த அதிகாரியின்ட மேசையில மட்டும்தான் சொன்னனான்."

"அப்ப முகத்துக்கு நேர கேட்டிருக்கலாமே?"

அமராவதி வெறும் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"இருபது வருசமா அந்தத் தோட்டத்தின்ட பேரை மறக்காம வச்சிருந்திருக்கிறார். அதுக்கு மேல நான் என்ன தண்டனை குடுக்க?"