லீவுக்கு வந்த குழந்தை

தம்பி ஆதிமூலமும் அவன் மனைவி கமலவேணியும் கைக்குழந்தையோடு பாரீசிலிருந்து முதலியார்பேட்டைக்கு லீவுக்கு வந்ததிலிருந்தே ஜெயத்துக்கு அவள்மேல் சந்தேகம்தான்.

வந்த இரண்டாம் வாரமே கமலவேணி தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் பழக்கினாள்.

“அழகு கொறஞ்சுடுமாக்கும்!” என்று ஜெயம் கணவரிடம் நொடித்தாள்.

குளிப்பாட்டக் குழந்தையைக் கமலவேணி ஜெயத்திடம்தான் கொடுப்பாள். ஆனால் கதவோரம் நின்று கண்கொட்டாமல் பார்ப்பாள்.

“புட்டிய வெந்நீர்ல போட்டீங்களா அண்ணி?”

“நம்பிக்கை இல்லன்னா நீயே போட்டுக்க.”

எதற்காக இவள் என்னை வேவு பார்க்கிறாள் என்று ஜெயம் உள்ளுக்குள் புழுங்கினாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. வாசலில் டாக்சி. ஜெயம் குழந்தையை நீட்டினாள்.

“இந்தாம்மா, ஒப்படைச்சுட்டேன். இனி நிம்மதியா இரு.”

கமலவேணி கை நீட்டவில்லை.

“அங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயாவணும் அண்ணி. பாத்துக்க ஆளில்ல. இன்னிக்குக் கேக்கறேன், நாளைக்குக் கேக்கறேன்னே உங்க தம்பி நாளைக் கடத்திட்டாரு. இவ நடந்து பேசற வரைக்கும்... நீங்க வெச்சுக்குவீங்களா?”

ஆதிமூலம் தலை குனிந்து நின்றான். குழந்தை பசித்து அழுதது.

கமலவேணி சட்டென்று முந்தானையை இழுத்து மூடினாள். அதற்குள் ஜெயம் பார்த்துவிட்டாள். ரவிக்கை நனைந்திருந்தது.